ஓய்வுக்காலச் சிறுதொழில்: கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு வரலாறு

ஓய்வுக்காலச் சிறுதொழில் என்பது பணி ஓய்வை நெருங்கும் வயதில், அல்லது ஓய்வு பெற்ற உடனே, ஊழியர் தம் சொந்த முதலீட்டில் தொடங்கும் சிறிய தொழிலைக் குறிக்கும். மளிகைக் கடை, டீக்கடை, மெஸ், லேத் பட்டறை, மோட்டார் ரீவைண்டிங் கடை, மாவு மில், கறவை மாடு, வாடகைக்கு விடும் லைன் வீடு ஆகியவை இதன் பரவலான வடிவங்கள். இளைஞர் தொடங்கும் தொழிலுக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இளைஞர் முதலை இழந்தால் மீண்டும் சம்பாதிக்கக் காலம் இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் முதலை இழப்பவருக்கு அந்தக் காலம் இல்லை. தமிழ்நாட்டில் இவ்வகைத் தொழிலின் வரலாறு, தொழிலாளர் சட்டங்கள், விருப்ப ஓய்வுத் திட்டங்கள், அரசுக் கடன் திட்டங்கள் ஆகிய மூன்றோடும் பிணைந்தது.

எளாவூரும் தொழிற்பகுதியும்

எளாவூர் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திரப் பிரதேச எல்லையை ஒட்டி அமைந்த ஊர். சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையும் சென்னை - கூடூர் ரயில் பாதையும் இவ்வூர் வழியே செல்கின்றன. ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்திற்கும் இடையில் எளாவூர் நிலையம் உள்ளது. கிழக்கே பழவேற்காடு ஏரி. மாநில எல்லைச் சோதனைச் சாவடியால் இவ்வூரின் பெயர் லாரி ஓட்டுநர்களிடையே பரவலாக அறியப்பட்டது. 1997-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி புதிய திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது.

வேளாண்மையும் ஏரி மீன்பிடிப்பும் சார்ந்திருந்த இப்பகுதியின் வாழ்க்கையை மாற்றியது கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம். தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட் 1971-இல் தொடங்கப்பட்டது. அதன் பழைய வளாகங்களுள் ஒன்றான கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்பாலைகள், வேதிப்பொருள் ஆலைகள் அமைந்தன. பின்னர் இதே வட்டத்தின் தேர்வாய்கண்டிகையில் இன்னொரு சிப்காட் வளாகம் உருவானது. 1980-களிலும் 1990-களிலும் இத்தகைய ஆலைகளில் பிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன், உலை ஆபரேட்டர் எனச் சேர்ந்த தலைமுறை, 2010-களிலிருந்து அடுத்தடுத்து ஓய்வு பெறத் தொடங்கியது. அரசு ஊழியருக்குள்ள முழு ஓய்வூதியம் இவர்களுக்கு இல்லை. கையில் வரும் 'செட்டில்மென்ட்' பணமே முதுமைக்கான ஏற்பாடு.

செட்டில்மென்ட் பணத்தின் வரலாறு

சென்னை மாகாணத்தில் ஆலைத் தொழிலாளிக்கு முதுமைக் காலப் பாதுகாப்பு என ஒன்று நெடுங்காலம் இருக்கவில்லை. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது, வேலை நேரமும் கூலியும் மேலாளர்களின் நடத்தையுமே முதன்மையான கோரிக்கைகளாக இருந்தன. உடல் தளர்ந்த தொழிலாளி ஊருக்குத் திரும்புவதும், பிள்ளைகளை அண்டி வாழ்வதும், ஆலை வாசலில் சிறு கடை போடுவதும் அக்காலத்தின் வழக்கமான முடிவுகள்.

1952-இல் இயற்றப்பட்ட ஊழியர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. தொடக்கத்தில் சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருள்கள், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களுக்கு மட்டும் அது பொருந்தியது. பிறகு படிப்படியாக விரிந்தது. 1972-இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பணியாற்றியவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கு அதில் வகுக்கப்பட்டது. மாதச் சம்பளத்தை 26 நாளாகப் பகுத்து, 15 ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்குவது நடைமுறை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் பெற்று, முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவருக்கு இக்கணக்கின்படி 2,25,000 ரூபாய் கிடைக்கும். பணிக்கொடையின் உச்சவரம்பு 2010-இல் 10 லட்சமாகவும் 2018-இல் 20 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் சாதாரண ஆலைத் தொழிலாளி அந்த வரம்பின் அருகே செல்வதில்லை.

1995 நவம்பர் 16 முதல் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 விழுக்காடு இதற்குத் திருப்பப்பட்டது. இதனால் ஓய்வின்போது மொத்தமாகக் கிடைக்கும் தொகை குறைந்து, அதற்கு ஈடாக 58 வயது முதல் மாத ஓய்வூதியம் கிடைத்தது. குறைந்தது பத்து ஆண்டுப் பணி வேண்டும். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே பெறுவதும் சாத்தியம். ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டப்படும். ஓய்வூதியக் கணக்கிற்கான சம்பள வரம்பு 2014 செப்டம்பரில் 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. முப்பது ஆண்டுப் பணியையும் 15,000 ரூபாயையும் வைத்துச் சூத்திரப்படி கணக்கிட்டாலும் மாதம் ஏறத்தாழ 6,430 ரூபாய்தான் வரும். 2014-க்கு முந்தைய பணிக்காலம் பழைய வரம்பில் கணக்கிடப்படுவதால் நடைமுறையில் தொகை இதனினும் குறையும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என 2014-இல் நிர்ணயிக்கப்பட்டது.

இத்திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு மாற்றம் 2008-இல் நிகழ்ந்தது. அதுவரை ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையைப் பெறும் வசதி இருந்தது. சிறுதொழிலுக்கு முதல் திரட்ட விரும்பியவருக்கு இது ஒரு வாயிலாக அமைந்தது. 2008 செப்டம்பரில் இவ்வசதி நீக்கப்பட்டது. அதன் பின் ஓய்வு பெற்றோருக்கு வைப்பு நிதியும் பணிக்கொடையும் மட்டுமே முதல். மகள் திருமணம், வீட்டுக் கடன், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கும் அதே பணம்தான்.

விருப்ப ஓய்வுக் காலம்

ஓய்வுக்காலச் சிறுதொழில் ஒரு பொதுப் பிரச்சினையாக உருவெடுத்தது விருப்ப ஓய்வுத் திட்டங்களால். பொதுத்துறை நிறுவனங்களுக்கான விருப்ப ஓய்வு நெறிமுறைகளை மத்திய அரசு 1988 அக்டோபரில் வெளியிட்டது. 1991-இல் புதிய தொழிற்கொள்கை வந்தபின் ஆள்குறைப்பு வேகமெடுத்தது. வேலையிழப்போருக்கு ஈட்டுத்தொகை, மறுபயிற்சி, மாற்று வேலை ஆகியவற்றை வழங்கும் நோக்கத்தில் 1992 பிப்ரவரியில் தேசியப் புதுப்பித்தல் நிதி நிறுவப்பட்டது. ஆனால் அந்நிதியின் பெரும்பகுதி விருப்ப ஓய்வுத் தொகை வழங்கவே செலவானது. மறுபயிற்சிக்குச் சென்றது சிறு பங்கு. பணம் கொடுக்கப்பட்டது, அதைக் கொண்டு என்ன செய்வது என்பதற்கான வழிகாட்டுதல் மிகச் சிலரையே எட்டியது.

தமிழ்நாட்டில் இதன் தாக்கம் பல துறைகளில் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பின்னி ஆலைகள் 1990-களின் நடுவில் மூடப்பட்டன. 2000-2001-இல் பொதுத்துறை வங்கிகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். பதினைந்து ஆண்டுப் பணி முடித்தவரோ நாற்பது வயதானவரோ விண்ணப்பிக்கலாம் என்பது அங்கு விதி. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் ஐம்பது வயதைக் கடந்த 78,000-க்கும் மேற்பட்டோர் 2020 சனவரி 31 அன்று ஒரே நாளில் விருப்ப ஓய்வு பெற்றனர்.

வங்கி ஊழியருக்குக் கடன் விதிகள் தெரியும். தொலைபேசித் துறை ஊழியருக்கு ஓய்வூதியம் இருந்தது. தனியார் ஆலைத் தொழிலாளியிடம் இவ்விரண்டும் இல்லை. ஆலை வாசலில் காசோலை பெறும் நாளில், அவர் வாழ்நாளில் முதன்முறையாகப் பெருந்தொகை ஒன்றைக் கையாளத் தொடங்கினார்.

முதல் கரைந்த வழிகள்

இப்பணத்தைக் குறிவைத்து ஒரு சந்தை உருவானது. 1990-களில் சென்னையிலும் பிற நகரங்களிலும் பெருகிய தனியார் நிதி நிறுவனங்கள், வங்கியைவிடப் பல மடங்கு வட்டி தருவதாக விளம்பரம் செய்தன. தேக்கு மரத் தோட்டத் திட்டங்களும் இக்காலத்தவை. அந்நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது இழந்தவர்களில் ஓய்வு பெற்றோர் கணிசமானவர். இதன் விளைவாகத் தமிழ்நாடு அரசு 1997-இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, முதலீட்டாளருக்குப் பகிர்ந்தளிக்க இச்சட்டம் வழிசெய்தது.

அதன் பிறகும் வடிவம் மாறி அதே கதை தொடர்ந்தது. 2012-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தன. குஞ்சும் தீவனமும் நிறுவனமே தரும், வளர்த்துக் கொடுத்தால் மாதந்தோறும் ஒரு தொகை, ஆண்டு முடிவில் போனஸ் என்பது வாக்குறுதி. வெளித்தோற்றத்தில் இது ஒரு சிறுதொழில். கொட்டகை, பறவை, தீவனம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் உள்ளூரில் வாங்குவோர் இல்லை. புதிய முதலீட்டாளரின் பணமே பழையவருக்குச் சென்றது. புதியவர் வருகை நின்றதும் நிறுவனங்கள் மூடின. பறவைகளுக்குத் தீவனம் போடவும் வழியின்றி அரசு தலையிட நேர்ந்தது.

ஒரு தொழிலின் பொருளை அவ்வூரில் யார், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லையென்றால் அது தொழில் அல்ல என்பதே இந்த இரு நிகழ்வுகளின் பாடம். மறுபுறம், 2004-இல் தொடங்கப்பட்ட மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பாதுகாப்பான மாற்றாக அமைந்தது. அறுபது வயதானோருடன், விருப்ப ஓய்வு பெற்ற 55 வயதினரும் இதில் சேரலாம். இதன் முதலீட்டு வரம்பு 2023 ஏப்ரல் முதல் 30 லட்சமாக உயர்ந்தது.

கடன் திட்டங்களும் வயது வரம்பும்

சுயதொழில் கடன் திட்டங்கள் நெடுங்காலம் இளைஞரையே கருதி வகுக்கப்பட்டன. 1978-இல் மாவட்டத் தொழில் மையங்கள் அமைக்கப்பட்டன. 1993-இல் தொடங்கிய பிரதமர் ரோஜ்கார் யோஜனாவின் பொது வயது வரம்பு 35. தமிழ்நாடு அரசு 2010-2011-இல் தொடங்கிய வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் தொடக்க வரம்பு பொதுப்பிரிவுக்கு 35, சிறப்புப் பிரிவினருக்கு 45. பின்னர் இவ்வரம்புகள் உயர்த்தப்பட்டன. ஆலை மூடப்பட்ட ஐம்பது வயதுத் தொழிலாளி இத்திட்டங்களின் கதவுக்கு வெளியே நின்றார்.

2008-இல் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் வந்தபோது நிலை மாறியது. இதில் குறைந்தபட்ச வயது 18. மேல் வரம்பு இல்லை. மானியம் நகர்ப்புறப் பொதுப்பிரிவினருக்கு 15 விழுக்காடு முதல் ஊரகச் சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடு வரை. முன்னாள் படைவீரர், மகளிர் ஆகியோர் சிறப்புப் பிரிவில் அடங்குவர். எளாவூர் போன்ற ஊரகப் பகுதியில் தொடங்குபவருக்கு ஊரக விகிதம் கிடைக்கும். எனினும் கடனைத் தீர்மானிப்பது வங்கியே. ஆறேழு ஆண்டுத் தவணையை அறுபது வயதை நெருங்குபவர் எப்படி அடைப்பார் என்ற கேள்வியை வங்கி எழுப்புவது இயல்பு. மகனையோ மருமகளையோ கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்ப்பது இதற்குக் குடும்பங்கள் கண்ட வழி.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் வயதுக் கணக்கைத் தலைகீழாக்கியது. இதில் குறைந்தபட்ச வயது 35. குலத்தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், தச்சு, தையல், மண்பாண்டம் போன்ற 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 25 விழுக்காடு மானியமும் அறிவிக்கப்பட்டன. இளைஞர் படிப்பைக் கைவிட்டுத் தொழிலுக்கு வரக்கூடாது என்பதே வயது நிபந்தனைக்குக் கூறப்பட்ட காரணம். அதன் பயன் நடுவயதினருக்குக் கிட்டியது.

மதுரை, கெண்டக்கி, டோக்கியோ

ஓய்வுக்குப் பின் தொடங்கி வளர்ந்த முயற்சிகளில் தமிழ்நாட்டில் முதலிடம் பெறுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. கோ. வெங்கடசாமி (1918-2006) அரசுப் பணியிலிருந்து 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர் அவர். ஓய்வு பெற்ற அதே ஆண்டில், ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோரும் அவர்களின் குடும்பத்தாரும் அதில் பணியாற்றினர். கட்டணம் செலுத்துவோரின் வருவாயில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்பது அதன் முறை. 1992-இல் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைத் தயாரிக்க அரோலேப் தொடங்கப்பட்டது. இது அறக்கட்டளை நிறுவனம்; மளிகைக் கடையோடு ஒப்பிட முடியாதது. ஆயினும் தெரிந்த வேலையையே தொடர்ந்தது, சிறிதாகத் தொடங்கியது, குடும்பம் உடன் உழைத்தது ஆகிய மூன்றும் எந்த அளவிலும் பொருந்துவன.

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் கோர்பின் என்ற ஊரின் நெடுஞ்சாலையோரம் உணவகம் நடத்தியவர் ஹார்லண்ட் சாண்டர்ஸ் (1890-1980). புதிய நெடுஞ்சாலை ஊரைத் தவிர்த்துச் செல்லத் திட்டமிடப்பட்டதும் வியாபாரம் வீழ்ந்தது. 1956-இல் உணவகம் ஏலம் போனது. அறுபத்தைந்து வயதைக் கடந்த அவர் கடையை மீண்டும் கட்ட முனையவில்லை. தம் கோழி வறுவல் முறையைப் பிற உணவகங்களுக்கு உரிமத்துக்குக் கொடுத்து ஊர் ஊராகச் சென்றார். 1964-இல் அந்நிறுவனத்தை 20 லட்சம் டாலருக்கு விற்றார். கட்டடம் போனாலும் கைமுறை போகவில்லை.

ஜப்பானில் இது தனிமனித முயற்சியாக விடப்படவில்லை. 1975-இல் டோக்கியோவில் முதியோர் தொழில் மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் 'வெள்ளி மனிதவள மையங்கள்' என்ற பெயரில் நாடு முழுவதும் பரவி, 1986-இல் சட்ட ஏற்பு பெற்றது. தோட்டப் பராமரிப்பு, சிறு பழுது பார்ப்பு, துப்புரவு, எழுத்து வேலை ஆகியவற்றை மையம் பெற்று உறுப்பினருக்குப் பகிர்ந்தளிக்கிறது. முதியவர் முதலீடு செய்வதில்லை. எனவே முதல் இழப்பும் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஓரளவு நெருக்கமானவை இரண்டு. ஒன்று, முன்னாள் படைவீரருக்குக் காவல் பணி உள்ளிட்ட வேலைகளைப் பெற்றுத் தர 1986-இல் அமைக்கப்பட்ட டெக்ஸ்கோ நிறுவனம். மற்றொன்று, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர மாவட்டங்களில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த முதியோர் சுய உதவிக் குழுக்கள். குழுச் சேமிப்பிலிருந்து ஆடு வாங்கவும் மீன் விற்கவும் சிறு கடை போடவும் முதியோருக்குக் கடன் கிடைத்தது. சாதாரண மகளிர் குழுக்கள் சேர்க்கத் தயங்கிய வயதினர் அவர்கள்.

தொழிற்பகுதிக்குப் பொருந்தும் தொழில்கள்

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதியில் ஓய்வு பெறுவோர் தொடங்கும் தொழில்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஆலையில் கற்ற கைத்தொழிலின் தொடர்ச்சி. வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை, மோட்டார் ரீவைண்டிங், பம்ப் பழுது பார்த்தல் ஆகியவை இதில் அடங்கும். வாடிக்கையாளர் பழைய ஆலையின் மேற்பார்வையாளராகவோ அண்டை ஊர் விவசாயியாகவோ இருப்பார். கருவிச் செலவு தெரிந்தது. வேலையின் தரம் கையில் உள்ளது. உடல் தளரும்போது இளைஞர் ஒருவரைப் பழக்கி, தாம் மேற்பார்வை பார்க்கலாம். ஆலைக்குக் கடனில் வேலை செய்து கொடுத்து, பில் தொகைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது இதிலுள்ள பெரிய இடர்.

இரண்டாம் வகை, தொழிற்பகுதியின் மக்கள் பெருக்கத்தைச் சார்ந்தது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் ஆலைகளில் பெருமளவில் உள்ளனர். அவர்களுக்கான லைன் வீடு, மெஸ், மளிகை, கைப்பேசி ரீசார்ஜ் ஆகியவை இவ்வகை. சொந்த மனை உள்ளவருக்கு லைன் வீடு உழைப்புக் குறைந்த வருமானம். ஆலை மூடினாலோ ஒப்பந்தம் மாறினாலோ அறைகள் ஒரே மாதத்தில் காலியாகும். 2020 ஊரடங்கின்போது வெளிமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்பியதும் நாடெங்கும் தொழிற்பகுதிகளில் இது நிகழ்ந்தது.

மூன்றாம் வகை, சாலையைச் சார்ந்தது: டீக்கடை, டிபன் கடை, பஞ்சர் கடை. எளாவூர் போன்ற எல்லை ஊரில் லாரி நிற்கும் நேரமே கடையின் வருமானம். 2017 சூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நாடு முழுவதும் நீக்கப்பட்டன. போக்குவரத்து, காவல் துறைச் சோதனைகள் தொடர்ந்தாலும் காகிதத்துக்காக லாரிகள் வரிசையில் காத்திருக்கும் காலம் குறைந்தது. சாலை அகலமாவதும் மேம்பாலம் வருவதும் சாலையோரக் கடையின் இடத்தையே அழித்துவிடக் கூடும். கோர்பின் உணவகத்துக்கு நேர்ந்தது இதுவே.

உணவுத் தொழில் எதுவாயினும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்கு உட்பட்ட சிறு கடைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு போதும் என்ற முறை பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2020 சூலை 1 முதல் உத்யம் பதிவு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கடன், மானியம் ஆகியவற்றுக்கு இதுவே முதல் ஆவணம்.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று. ஓய்வு பெறுவோரிடம் தொழில் யோசனைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. முதலைப் பிரித்து வைக்கும் ஏற்பாட்டுக்கே பஞ்சம் இருந்தது. நிலைத்தவர்களின் முறையில் சில பொதுக்கூறுகள் உண்டு. ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே, சம்பளம் வரும்போதே, விடுமுறை நாள்களில் தொழிலைச் சிறிதாக நடத்திப் பார்த்தனர். செட்டில்மென்ட் தொகையில் ஒரு பகுதியை மட்டும் தொழிலில் இட்டு, மீதியை அஞ்சலகத்திலோ வங்கியிலோ வைத்தனர். குடியிருக்கும் வீட்டை அடகு வைக்கவில்லை. கணக்கு நோட்டு எழுதினர். மனைவியின் உழைப்பையும் செலவுக் கணக்கில் சேர்த்தனர். சேர்க்காத கடைகள் லாபத்தில் நடப்பதாகத் தோன்றி நட்டத்தில் நடந்தன.

அரசுத் திட்டங்கள் பணத்தைக் கொடுப்பதில் முன்னேறின. வயது வரம்பையும் தளர்த்தின. 1992-இல் தேசியப் புதுப்பித்தல் நிதி வாக்களித்து நிறைவேற்றாத மறுபயிற்சியும் வழிகாட்டலும் இன்றும் பெரும்பாலும் தொழிலாளியின் சொந்தப் பொறுப்பாகவே உள்ளன. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் நிரந்தரப் பணியாளருக்கு மாறாக ஒப்பந்தத் தொழிலாளர் பெருகிவிட்டனர். பணிக்கொடைக்குரிய ஐந்து ஆண்டுகளையே நிறைவு செய்யாமல் ஒப்பந்ததாரர் மாறி மாறி வேலை செய்யும் அடுத்த தலைமுறைக்கு, தொழில் தொடங்கும் அளவுக்குச் செட்டில்மென்ட் பணம் என ஒன்று இருக்குமா என்பதே இனி எழும் கேள்வி.